மீன் ஐஸில் விரித்த பனி

நான் வேலை பார்த்த குதிரைப் பண்ணையின் ஆபீஸ் சுவரில், என் டைப்ரைட்டருக்கு நேர் மேலே, கண்ணாடி போட்ட ஒரு போட்டோ தொங்கியது. ஏதோ ஒரு குளிர்தேசத்து மேய்ச்சல் நிலம். தரை முழுக்கப் பனி. மரக்கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்; குதிரைகள் பிடரி பறக்க வெளியே பாய்கின்றன. மூக்கிலிருந்து ஆவி பறக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வெள்ளைக் குதிரை. அந்தப் பெண்குதிரையைத்தான் எங்கள் அர்பாப் விலைக்கு வாங்கி, விமானத்தில் ஏற்றி, ஷார்ஜாவுக்குக் கொண்டுவந்திருந்தார். அர்பாப் என்றால் முதலாளி. வாயால் எல்லோரும் அவரை அப்படிக் கூப்பிட்டோம். சிலர் மனதுக்குள் கும்பிட்டும் கொண்டார்கள்.

எண்ணெய் விலை ஏறிய வருஷங்கள் அவை. எதை வேண்டுமானாலும் கப்பலிலோ விமானத்திலோ வரவழைத்துவிடலாம் என்று அந்த ஊரே நம்பியது. ஆகவே ஒரு டிசம்பரில் அர்பாப் அந்தப் போட்டோவின் முன் நின்று, காப்பியை உறிஞ்சிக்கொண்டே, “இதே மாதிரி இங்கேயும் பார்க்க வேண்டும். என் நண்பர்களுக்குக் காட்ட வேண்டும்” என்று ஆங்கிலத்தில் சொன்னபோது, ஆபீஸில் இருந்த யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நான் டைப்பிஸ்ட். டைப்பிஸ்ட் சிரிப்பதற்கு அங்கே இடமில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரிக் கடற்கரை எனக்கு. அப்பா கட்டுமரக்காரர். அம்மா மீன்கூடை சுமந்து ஊர் ஊராக விற்றவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான், பாளையங்கோட்டையில் பி.ஏ. வரை போனேன். டைப்ரைட்டிங்கில் முதல் வகுப்பு. இதையெல்லாம் நான் கொஞ்சம் அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். எதற்கு என்றுதான் எனக்குப் புரிவதில்லை. கல்யாணமாகி, ஷார்ஜா தொழில்பேட்டையில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த கணவரோடு சத்வாவுக்கு வந்தேன். ஒரு தையல்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. பகலெல்லாம் தையல் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. பண்ணைக்கு ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, நானே போய் வேலை கேட்டேன்.

முவைலாவைத் தாண்டி, மணலுக்கு நடுவே இருந்தது பண்ணை. ஆழ்கிணறு தோண்டி, ராவும் பகலும் தண்ணீர் பாய்ச்சி, குதிரைமசால் என்ற தீவனப்பயிர் போட்டிருந்தார்கள். சுற்றிலும் மஞ்சள் மணல், நடுவில் வேலி போட்ட ஒரு பச்சைச் சதுரம். அதுதான் மேய்ச்சல் நிலம். தினமும் காலையில் குதிரைகளைக் கொட்டகையிலிருந்து அவிழ்த்து அதில் விடுவார்கள்.

குதிரைகளைப் பழக்க ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். பனி தேசத்தில் பிறந்தவர். பனி என்பது அவருடைய தாத்தா எழுதிவைத்த சொத்து என்பது போலப் பேசுவார். எங்களுக்கு வெயில் மட்டும்தான் தெரியும் என்பதில் அவருக்குப் பெரிய திருப்தி. இருந்தாலும் அவர் குதிரைகளைப் பற்றிப் பேசும்போது நான் காதைத் திறந்து வைத்திருந்தேன். குளிருக்குக் குதிரை பயப்படாது, பூட்டி வைத்தால்தான் அதற்கு நோய் வரும், அதனால் பனி கொட்டினாலும் தங்கள் ஊரில் வெளியே விடுவோம் என்பார். ஆனால் விடுவதற்கு முன்னால் லாடத்தைக் கழற்றிவிடுவார்களாம். இல்லையென்றால் இரும்புக்குள் பனி உருண்டையாக அடைத்துக்கொண்டு, குதிரை பந்தின் மேல் நிற்பது போலத் தடுமாறும். கதவடியில் தரை உறைந்து கிடந்தால் வைக்கோலும் சாணமும் பரப்பிய பிறகுதான் குதிரையை நடத்துவார்கள். சினைக்குதிரையை உறைந்த தரையில் விடவே மாட்டார்கள்.

வெள்ளைக் குதிரை சினையாக இருந்தது. கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குக் கிளம்பும் முன் அவர் தலைமைக் குதிரைக்காரரைக் கூப்பிட்டு, “இவளை வழுக்கும் தரையில் விடாதே. விழுந்தால் குட்டி போய்விடும், இவளும் போய்விடுவாள். நான் வரும்வரை யார் சொன்னாலும் விடாதே” என்றார். குதிரைக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்கு அதைத் தமிழில் சொன்னது நான்தான். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் எஞ்சினியர்.

எஞ்சினியர் மெட்ராஸ்காரர். பண்ணையின் பம்புகளையும் கட்டிடங்களையும் பார்த்துக்கொள்ள வந்தவர். வெள்ளைக்காரர் லீவில் போனால் பண்ணையே அவர் கையில். அர்பாப் அவரை ‘முஹந்திஸ்’ என்று கூப்பிடுவார், அரபியில் எஞ்சினியர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவருடைய முதுகு தானாக வளையும். மற்ற நேரங்களில் அது கம்பி போல நிமிர்ந்திருக்கும், முக்கியமாக என் மேஜைக்கு முன்னால்.

பனி வேண்டும் என்று அர்பாப் சொன்ன மறுநாளே எஞ்சினியர் என்னிடம் வந்தார்.

“ஏம்மா, உங்க ஆளுங்க நிறைய பேர் ஹார்பர்ல இருக்காங்கல்ல? மீனுக்கு ஐஸ் அரைக்கிற மெஷின் வெச்சிருப்பாங்களே?”

“இருக்காங்க சார். எதுக்கு?”

“எதுக்கா? பனிக்குத்தான்! பார் பாரா ஐஸ் வாங்கி, தூளா அரைச்சு, லாரில கொண்டுவந்து கொட்டறோம். அர்பாப் வர்ற காலைல, சூரியன் ஏறறதுக்கு முன்னாடி, அந்த மசால் வயல் பூரா வெள்ளை வெளேர்னு இருக்கும். குதிரைங்கள அவுத்து விடறோம். போட்டோ மாதிரியே ஓடும். எப்படி?”

நான் போட்டோவைப் பார்த்தேன். அவரையும் பார்த்தேன். மீன் பெட்டியில் போடும் ஐஸில் குதிரை ஓட்டப் போகிறவர் பட்டம் வாங்கியவர் என்பதை எனக்கு நானே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

“உருகிடும் சார்.”

“அதுக்கும் வழி இருக்கு. ஐஸ் மேல கல்லுப்பைத் தூவிட்டா டெம்பரேச்சர் ஜீரோவுக்குக் கீழ போயிடும். ஐஸ்கிரீம் மெஷின்ல போடறாங்கல்ல? ஃப்ரீசிங் மிக்ஸ்சர். படிச்சிருக்கியா?”

“குளிர் கூடும் சார். ஆனா உப்பு பட்டா ஐஸ் சீக்கிரமா தண்ணியாகும். எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தண்ணி மசால் வேர்ல இறங்கினா பயிரும் கருகிடும்.”

அவர் பொறுமையாகச் சிரித்தார். “நீ என்ன படிச்சே, ஆர்ட்ஸ் தானே?”

“ஆமா சார், ஹிஸ்டரி.”

“அப்ப டைப் அடிம்மா.”

டைப் அடித்தேன். விருந்தாளிகளுக்கான அழைப்பு அது. ‘பனியில் குதிரைகள்’ என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அடிக்கச் சொன்னார். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். முட்டாள்தனமாக இருந்தாலும் என் கையிலிருந்து போவது சுத்தமாகப் போகட்டும்.

லாடத்தைக் கழற்ற வேண்டும் என்று வெள்ளைக்காரர் சொன்னதையும், கதவடியில் வைக்கோல் பரப்புவதையும் எஞ்சினியரிடம் சொல்லிப் பார்த்தேன். “வைக்கோலா? வெள்ளைல மஞ்சளா தெரியும். போட்டோ கெட்டுடும்” என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. சொல்ல வேண்டியதை ஒருமுறை சொல்வேன். கெஞ்சுவது என் பழக்கமில்லை.

குதிரைக்காரரைப் பற்றியும் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் ஜட்கா ஓட்டியவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். எஞ்சினியர் தும்மினால் இவர் கைக்குட்டை தேடுவார். குளிர்காலம் வந்தால் தலையிலிருந்து கழுத்துவரை மப்ளரைச் சுற்றிக்கொண்டு, இரண்டு கண்ணும் மீசையும் மட்டும் வெளியே தெரிய நடமாடுவார். என்னைக் கண்டால் வம்பிழுக்காமல் போக மாட்டார்.

“என்ன டைப்பிஸ்ட்டம்மா, குதிரைக்குப் பனி வருதாம்லா? நமக்கு எப்ப மழை வரும்னு டைப் அடிச்சுப் பாருமேன்.”

“நீங்கதான அண்ணாச்சி குதிரைய அவுத்து விடணும்? சிரிச்சுக்கிட்டு நிக்கீங்க?”

“அவுக்கச் சொன்னா அவுக்கேன். கட்டச் சொன்னா கட்டுதேன். ஆனா வெள்ளச்சிய மட்டும் கேக்கப்படாது. துரை சொல்லிட்டுப் போயிருக்காருல்லா.”

“எஞ்சினியர் கேட்டா?”

அவர் மப்ளரை இறுக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார்.

குறித்த நாள் காலையில் பண்ணையின் பிக்கப் வண்டி என்னைச் சத்வாவில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியபோது, லாரிகள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போயிருந்தன. முதல்நாள் மழை பெய்து, வடக்குக் காற்று சில்லென்று அடித்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. மணலுக்கு நடுவே வெள்ளையாக ஒரு சதுரம். மேலே மூடுபனி. ஒரு நொடி எனக்கே போட்டோ ஞாபகம் வந்தது. அப்புறம் காற்று என் பக்கம் திரும்பியது. கூடவே மீன் நாற்றமும் வந்தது. மத்தியும் அயிலையும் கிடந்த பெட்டிகளை அலசாமல் அதிலேயே ஐஸை அள்ளியிருக்கிறார்கள். என் அம்மாவின் கூடை நாற்றம், அரபு நாட்டில், அர்பாபின் கம்பளத்துக்குப் பக்கத்தில். அந்த நாற்றத்துக்காக நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டியவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அங்கே ஐஸ் மேல் உப்பைத் தூவிக்கொண்டிருந்தார்.

எஞ்சினியரின் மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். மனைவிக்குப் பட்டுப்புடவை மேல் கோட்டு. மகளுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லாய். அந்தப் பெண் ஐஸை உருட்டி முகத்துக்கு அருகில் கொண்டுபோனவள், “டாடி, இட் ஸ்டிங்க்ஸ்!” என்று கத்தினாள்.

“ஷ்ஷ்! இட் இஸ் ஸ்நோ, டியர்” என்றார் எஞ்சினியர்.

கூடாரத்துக்கு முன்னால் கம்பளம் விரித்து விருந்தாளிகளை உட்கார வைத்தார்கள். வியாபாரிகள், கழுத்தில் கேமரா தொங்கும் வெள்ளைக்காரர்கள், அர்பாபின் சொந்தக்காரர்கள். யாராவது இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல எஞ்சினியர் என்னையும் ஓரமாக நிற்கச் சொல்லியிருந்தார். நின்றேன். சூரியன் மூடுபனியை விலக்கிக்கொண்டு மேலே வந்தது. வெள்ளையின் ஓரங்கள் சாம்பல் நிறமாகத் தொடங்கின. எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் சூரியனைப் பார்ப்பதுமாக இருந்தார், அதை லீவில் அனுப்ப முடியுமா என்று யோசிப்பவர் போல.

“யல்லா!” என்றார் அர்பாப்.

கதவு திறந்தது. அண்ணாச்சியும் கூட்டாளிகளும் குதிரைகளை அவிழ்த்துவிட்டார்கள். கேமராக்கள் உயர்ந்தன.

முதல் குதிரை, ஒரு செம்மண் நிறத்து ஆண்குதிரை, கதவைத் தாண்டிய உடனே லாடம் வழுக்கிப் பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கம் விரிந்து, அப்படியே பிட்டத்தில் உட்கார்ந்தது. உதறிக்கொண்டு எழுந்து நடுங்கியது. பின்னால் வந்தவை அதைப் பார்த்துத் தயங்கி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து உள்ளே வந்தன. நாற்றத்துக்கு மூக்கை விடைத்தன. மூச்செறிந்தன. இப்போது ஓடும் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

அவை ஓடவில்லை. ஒன்று தலையைக் குனிந்து ஐஸை நக்கியது. உப்பு! இன்னும் ஒன்று நக்கியது. பிறகு எல்லாமே வரிசையாகத் தலையைக் குனிந்து, கழுநீர்த் தொட்டியில் மாடுகள் நிற்பது போல நின்று, எஞ்சினியரின் பனியைச் சப்புக்கொட்டி நக்கத் தொடங்கின. வயலெங்கும் ‘சளப், சளப்’ என்ற சத்தம் மட்டும்.

விருந்தாளிகளில் ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். அர்பாபின் முகம் சிவந்தது. அவர் உருதுவில் கத்தினார்: “முஹந்திஸ்! யே கோடா ஹை யா பக்ரி?” இது குதிரையா, ஆடா என்று.

“ஒரே நிமிஷம், அர்பாப்” என்று எஞ்சினியர் ஆங்கிலத்தில் குழைந்தார். “இதெல்லாம் இந்த ஊர்க் குதிரைகள். இவற்றுக்குப் பனி தெரியாது. வெள்ளைக் குதிரைக்குத் தெரியும். அவள் ஓடினால் மற்றவையும் பின்னால் ஓடும்.”

அர்பாப் கையைத் தட்டினார். “வெள்ளையைக் கொண்டுவா!”

அண்ணாச்சி வெள்ளைக் குதிரையைக் கழுத்துக் கயிற்றோடு கதவுவரை கூட்டி வந்தார். வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. அவளுடைய கால்களிலும் லாடம். கதவடியில் உருகிய ஐஸும் உப்பும் சேர்ந்து கண்ணாடி போல மின்னியது, செம்மண் குதிரை உட்கார்ந்த அதே இடத்தில். அண்ணாச்சி அங்கேயே நின்றுவிட்டார். மப்ளர் தோளில் நழுவிக் கிடந்தது. அவருடைய முழு முகத்தையும் குளிர்காலத்தில் அன்றுதான் பார்த்தேன்.

“ஏன் நிற்கிறான்? கேள்” என்றார் அர்பாப் எஞ்சினியரிடம்.

“ஏம்பா நிக்கிற? விடுய்யா, ஜல்தி!”

“சார், வவுத்துல குட்டி கெடக்கு. இந்த வழுக்கல்ல காலு விரிஞ்சா தாயும் போவும், குட்டியும் போவும். துரை விடக் கூடாதுன்னுட்டுதான் போயிருக்காரு. என்னால விட முடியாது சார். என்னைய ஊருக்கு அனுப்பினாலும் சரிதான்.” சொல்லும்போது அவருடைய குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

அர்பாப் எஞ்சினியரைப் பார்த்தார். “என்ன சொல்கிறான்?”

எஞ்சினியர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எந்த வார்த்தையால் எழுதினாலும் அந்த வார்த்தை அதற்கு மரியாதை சேர்த்துவிடும். “ஒன்றுமில்லை, அர்பாப். அவள் கொஞ்சம் கூச்சப்படுகிறாளாம். கயிற்றை அவிழ்த்ததும் சந்தோஷமாக ஓடுவாளாம்.”

எங்கள் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. துறைமுகத்தில் யாரோ எதையோ படித்துக் காட்டி, வேறு எதற்கோ அவருடைய பெருவிரலை வாங்கியிருக்கிறார்கள். ஒருமுறை அல்ல. என்னைப் படிக்க வைத்ததற்கு வேறு காரணம் எதுவும் அவர் சொன்னதில்லை.

நான் இரண்டு அடி முன்னால் போய், ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “அவர் அப்படிச் சொல்லவில்லை. குதிரை சினையாக இருக்கிறது, இங்கே விழுந்தால் தாயும் குட்டியும் செத்துப்போகும் என்று சொன்னார். பயிற்சியாளர் போகும்போது விடக் கூடாது என்று உத்தரவு போட்டார். அதை இவருக்குத் தமிழில் சொன்னது நான். எஞ்சினியரும் பக்கத்தில் நின்று கேட்டார்.”

குதிரைகள் மட்டும் நக்கிக்கொண்டிருந்தன.

“இவள் யார்?” என்றார் அர்பாப்.

“டைப்பிஸ்ட், அர்பாப்” என்றார் எஞ்சினியர்.

அர்பாப் எழுந்து, வேலி ஓரமாக நடந்துபோய், வெள்ளைக் குதிரையின் வயிற்றைப் பார்த்தார். கதவடியில் மின்னிய தரையைச் செருப்பால் தேய்த்துப் பார்த்தார். கொஞ்சம் வழுக்கியது, வேலியைப் பிடித்துக்கொண்டார். திரும்பி, “டைப்பிஸ்ட்டுக்குத் தமிழ் தெரிகிறது, முஹந்திஸுக்குத் தெரியவில்லை!” என்று உரக்கச் சொல்லிச் சிரித்தார். விருந்தாளிகளும் சிரித்தார்கள். “கலாஸ், போதும். அவளை உள்ளே கொண்டுபோ.” அவ்வளவுதான். காப்பி வந்தது, பேரீச்சம்பழம் வந்தது. ஐந்து நிமிஷத்தில் அவருக்குக் குதிரையும் மறந்துவிட்டது, குட்டியும் மறந்துவிட்டது. அவருடைய நல்ல மனதைப் பற்றி அண்ணாச்சி பிற்பாடு நிறையப் பேசினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பனி கிடைக்காதவருக்கு, சிரிக்க ஒரு எஞ்சினியர் கிடைத்தார்.

கொட்டகை வாசலில் அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா இப்படி வாய விட்டீரு? நான் பாட்டுக்கு அழுது கிழுது கால்ல விழுந்திருப்பேன். இப்ப ரெண்டு பேரும்லா மூட்டை கட்டணும்!”

“நீங்க கட்ட மாட்டீங்க அண்ணாச்சி. வெள்ளச்சி உங்க கைய விட்டா வேற யாருக்கும் அடங்காது.”

“அப்ப நீரு?”

“எனக்கு டைப்ரைட்டிங் தெரியும்.”

மறுநாள் காலையில் எஞ்சினியர் என் மேஜைக்கு முன்னால் காத்திருந்தார். முதுகு பழையபடி கம்பியாக இருந்தது. “உனக்கு இங்க வேலை இல்லைம்மா. நாலு பேர் முன்னாடி எப்படிப் பேசணும்னு மொதல்ல கத்துக்க.”

“நாலு பேர் முன்னாடி நீங்க பேசினது எனக்கு ஞாபகம் இருக்கு சார். வேற யாராவது கத்துக் குடுக்கட்டும்” என்றேன். டைப்ரைட்டருக்கு உறையைப் போட்டேன். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டேன். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். பாவம், நின்று நின்று பார்த்துவிட்டுப் போனார்.

சத்வாவுக்குத் திரும்ப பிக்கப் வரும்வரை வேலியோரம் நின்றேன். வயல் உருத்தெரியாமல் கிடந்தது. உப்பு இறங்கிய இடமெல்லாம் மசால் வதங்கி, பழுப்பும் சேறுமாக இருந்தது. வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. கதவடியில் அண்ணாச்சி வைக்கோலும் சாணமும் தாராளமாகப் பரப்பியிருந்தார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. மப்ளருக்குள்ளிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, வெள்ளைக் குதிரையின் கயிற்றை அவிழ்த்தார்.

அவள் மெதுவாக நடந்து போனாள். சேற்றின் நடுவில் நின்று, முன்னங்காலால் இரண்டு முறை கிளறினாள். பிறகு முழங்காலை மடக்கிப் படுத்து, அந்தப் பெரிய வயிற்றோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு, முதுகைத் தேய்த்து, கால்களை ஆகாயத்தில் உதைத்தாள். எழுந்தபோது அவள் உடம்பில் ஒரு விரலளவு வெள்ளை இல்லை. ஆபீஸ் ஜன்னலிலிருந்து எஞ்சினியர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலத்தில் கொட்டிய பனியைச் சரியாகப் பயன்படுத்தியது அவள் ஒருத்திதான்.

வெயில் காலம் தொடங்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை அண்ணாச்சி சத்வாவில் எங்கள் அறைக்கு வந்தார். நான் அப்போது வேறு ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியின் கையில் ஒரு பொட்டலம் அல்வா.

“குட்டி போட்டுட்டாம்மா வெள்ளச்சி! நல்லபடியா! விழுந்து எழுந்து விழுந்து எழுந்து நின்னுட்டு. கருப்புன்னா கருப்பு, அடுப்புக்கரி! வெள்ளைக்குப் பொறக்கது எல்லாம் அப்படித்தான் கருப்பாப் பொறக்கும், அப்புறம்தான் வெளுக்கும்.”

“எஞ்சினியர் என்ன சொல்றார்?”

“அவரா? அன்னைக்கு வெள்ளச்சிய வெளிய விடாம காப்பாத்தினதே தான்தான்னு துரைட்ட சொல்லிட்டாரு. துரை கைகுடுத்தாரு. குட்டிக்குப் பேரும் எஞ்சினியருதான் வச்சாரு. அரபில பனின்னு அர்த்தமாம்.”

“அந்தக் கருப்புக் குட்டிக்கா?”

“அதுக்குத்தான்.”

நான் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்தேன்.